பாலத்தடியில் இருவர்

புதிய மேம்பாலத்தை இரவு விளக்கொளியில் படமெடுத்துத் தரும் வேலை ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. பாலத்தடியில் ஒரு தாய் பாயில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் படமெடுத்தாள்.

"பாலம் அருமையா வந்திருக்கு. கீழ இருக்கற ரெண்டு பேரையும் அழிச்சிடுங்க மேடம்," என்றார் படத்தைப் பார்த்த திறப்பு விழாப் பொறுப்பாளர்.

கணினியில் முதலில் தாயை அழித்தாள். சிறுமியின் பாதிப் பின்னல், பிடித்திருந்த கை இல்லாமல், காற்றில் இழுபட்டு நின்றது. சிறுமியோ இன்னும் கண்ணை மூடிச் சுகமாகத் தலையைச் சாய்த்திருந்தாள். ஜெசிந்தா தாயைத் திரும்பக் கொண்டுவந்தாள். பாலத்து விளக்குகளை மங்கவைத்து, இருவர் முகத்திலும் வெளிச்சத்தைக் கூட்டி அனுப்பினாள்.

உடனே போன் வந்தது.

"உங்களுக்கு அழிக்கத் தெரியாதா?"

"தெரியும் சார். அழிக்க மாட்டேன்."

"அப்ப இந்த வேலை உங்களுக்கு இல்ல."

"சரி சார்."

மறுநாள் அந்தப் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து எடுத்துக்கொண்டு, திறப்பு விழாவுக்குக் கிளம்பினாள்.