யாருமில்லாத தீவு

சொர்ணவல்லிக்குக் கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்பதை மாலையில் போனில் சொல்வதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதுவரை சும்மா இருக்க முடியாமல், அவளும் கணவன் இளம்பரிதியும் தீவுப் பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்படியாக இறங்கும் நெல்வயல், கடல்பாறை மேல் கோயில், வாசல்தோறும் பூ வைத்த ஓலைத்தட்டு என எல்லாவற்றையும் வரைபடத்தில் அவள் வட்டமிட்டிருந்தாள். போனில் டிராவல்ஸ்காரர் தயங்கினார்.

"அந்த வியாழக்கிழமை மட்டும் வேண்டாம் மேடம். அன்னைக்குத் தீவு முழுக்க விளக்கு போட மாட்டாங்க, அடுப்பு மூட்ட மாட்டாங்க, சத்தமா பேசக்கூட மாட்டாங்க."

"எதுக்காம்?"

"மேல சுத்துற கெட்டதெல்லாம் எட்டிப் பார்த்துட்டு, இங்க யாருமே இல்ல போலன்னு தாண்டிப் போயிடணுமாம்."

ஓர் ஊரே பிள்ளைகளையும் அமர்த்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இருட்டில் உட்கார்ந்திருப்பதை நினைக்க அவளுக்கு மெய்சிலிர்த்தது.

"எவ்வளவு நல்ல ஜனங்க," என்றாள். "அந்த நாள் நடுவுல வர்ற மாதிரியே போடுங்க."

அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. திரையில் மருத்துவமனையின் பெயர். இளம்பரிதி கை நீட்டுவதற்குள் அவள் எழுந்துபோய்க் கூடத்து விளக்கை அணைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். பால் வைத்திருந்த அடுப்பையும் அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு, வீட்டில் மிச்சமிருந்த அந்த ஒரே வெளிச்சத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.