பகிடி இல்லாத படம்

ஏப்ரல் வெயில் மோர்ட்டனின் மேசையில் விழுந்து கிடக்கிறது. லண்டன் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரமும் சுவரொட்டியும் போட்டவர். மொன்றியலில் எங்கள் மேல்வீட்டுக்காரர். நாளை, குண்டு விழும் வன்னிக்காக ஊர்வலம். இந்த நகரம் ஒருமுறையாவது நின்று பார்க்கட்டும் என்று அவரிடம் பதாகைக்குப் படம் கேட்டு வந்திருக்கிறேன். "சிரிப்புப் படம் கீறுற மனுசனிட்டயோ எங்கட செத்தவீட்டைக் குடுக்கிறாய்?" என்று அப்பா வாசலிலேயே நிற்கிறார். மோர்ட்டன் எப்போதும் தாளின் அடியில் சிரிக்கவைக்கும் பகிடி வரியை எழுதிவிட்டுத்தான் படத்தைத் தொடங்குவார். இன்று முதலில் பதுங்குகுழியை வரைகிறார், அதன் விளிம்பில் கவிழ்ந்த பால்மாத் தகரப் பேணியை வரைகிறார். பேனா அடிவரிக்கு இறங்கி அசையாமல் நிற்கிறது. "பகிடி எழுதினால் கிழித்துவிடுவேன்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன். அவர் பேனாவை மூடுகிறார். அடிவரி வெள்ளையாகவே கிடக்கிறது. அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வெகுநேரம் பார்க்கிறார். "மை இன்னும் காயேல்லைப் பிள்ளை," என்கிறார், "கை வைச்சிடாதை."