தொறக்கறப்ப வர்ற பாட்டு

"களவெடுத்த போனாத்தான் இருக்கும். தொட்டுராத சசி."

கொடகவெல பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது சசியின் போன் திருத்தும் கடை. சொன்னவர் பக்கத்துப் பாத்திரக்கடை நடராஜா முதலாளி. வியாபாரம் மந்தமாக இருந்தால் இங்கே வந்து பேப்பரை விரித்து உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார். அவர் கடையில் வியாபாரம் எப்போதும் மந்தம்தான்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மருதாயிக்கு அது காதில் விழாமல் இருக்குமா? விழாத மாதிரி நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். இன்றைக்கு அரைநாள் சம்பளம்தான் என்று தெரிந்தே மலையை விட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

"திரும்பச் சொல்லுங்க அக்கா," என்றான் சசி.

"என் மக குவைத்துல இருந்து அனுப்பினதுங்க தம்பி. தொறந்தா அந்த நாட்டு போன் கம்பனி படம் வருது, கூடவே ஒரு பாட்டு வருது. அது ரெண்டும் வரக்கூடாது. நம்மூர்க் கடையில வாங்கின போன் மாதிரி ஆக்கிக் குடுங்க."

"பாத்தியா, அடையாளத்த அழிக்கச் சொல்லுது," என்றார் முதலாளி.

சசி போனை நிறுத்தித் திறந்தான். பச்சை நட்சத்திரம் ஒன்று சுழன்றது. கூடவே டிங் டிடிங் டிங் என்று ஒரு மெட்டு, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி.

"சத்தத்தக் குறைச்சு வச்சா போதாதா?"

"வச்சுப் பாத்துட்டேன். மத்ததுக்கெல்லாம் அடங்குது, தொறக்கறப்ப மட்டும் கத்துது."

"அப்ப நிப்பாட்டாமலே வச்சிருங்க."

"மலைக்குப் போறப்ப நிப்பாட்டித்தான் ஆகணும். இல்லாட்டி சாயந்தரம் மக பேசற நேரத்துக்கு சார்ஜ் நிக்காதுங்க."

சசி தலையைச் சொறிந்தான். "இது கம்பனிக்காரன் உள்ளுக்கே போட்டு அனுப்பினது. அந்த சொப்ட்வெயார மொத்தமா எடுத்துட்டு, எந்தக் கம்பனி பேரும் இல்லாத பொதுவானது ஒண்ண அடிக்கணும்."

"அடிங்க."

"மக அனுப்பினதுன்னா மகளப் பேசச் சொல்லு பாப்போம்," என்றார் முதலாளி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மருதாயி போனை வாங்கினாள். மகளுக்கு அழைப்பு எடுத்து, சசியிடம் நீட்டினாள்.

"அண்ணே, நான் கலைச்செல்வி. என் போன்தான் அது. அம்மா கேக்கற மாதிரியே செஞ்சு குடுங்க. மேடம் கூப்பிடறாங்க, வைக்கிறேன்."

களவுப் பேச்சு அதோடு முடிந்தது. முதலாளியின் வாய் முடியவில்லை.

"அந்தப் புள்ள அங்க பாத்திரம் கழுவி வாங்கி அனுப்பின போன். அந்த நாட்டுப் பேர் வர்றது இந்தப் பொம்பளைக்கு வெக்கமாப் போச்சு. ஏறி வந்த ஏணிய எட்டி ஒதைக்கிற காலம்டா சசி."

சசிக்கும் அப்படித்தான் பட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"ஒண்ணு சொல்றேன் அக்கா. இது பழைய போன். நடுவுல ஏதாவது கோளாறு வந்தா மொத்தமா செத்துரும், என்னால எழுப்ப முடியாது. வேற போன் இருக்கா?"

மருதாயியின் முகம் சுண்டிப் போனது.

"இல்லிங்க தம்பி. மகளோட பேச இது ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப எதுக்கு வீண் வேல? பாட்டுதானே, பாடிட்டுப் போகட்டும்."

அவள் போனைக் கையில் வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"செய்யுங்க."

"கிறுக்கு," என்றார் முதலாளி.

மகள் படங்களை எல்லாம் கம்பியூட்டரில் எடுத்து வைத்துவிட்டு சசி வேலையை ஆரம்பித்தான். திரையில் கோடு மெல்ல நகர்ந்தது. பாதியில் நின்றது. சசி வயரை அழுத்திப் பிடித்தான், கோடு அசையவில்லை. மருதாயி கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று முணுமுணுத்தாள். பேப்பர் புரட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது.

கோடு மறுபடி நகர்ந்தது. சசி பெருமூச்சு விட்டான்.

போன் திறந்தது. நட்சத்திரம் இல்லை, மெட்டும் இல்லை. மருதாயி அதைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"இன்னொரு தடவ நிப்பாட்டித் தொறங்க தம்பி."

திறந்தான். சத்தமே இல்லை. அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. படங்களைத் திரும்ப ஏற்றிக் கொடுக்கும்போது சசிக்குப் பொறுக்கவில்லை.

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க அக்கா. அந்தப் பாட்டு உங்கள என்ன பண்ணுச்சு?"

"என்னைய ஒண்ணும் பண்ணலிங்க தம்பி. எங்க லயத்துல வீடுங்க எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்கும், காம்பராவுக்கு நடுச் சுவரு கூரை வரைக்கும் போகாது. இங்க தும்மினா அங்க கேக்கும். மகளோட மெல்லமாப் பேசிக்கலாம், இந்தப் பாட்ட என்ன பண்றது? பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா மகளும் என் மகளோட ஒண்ணாத்தான் குவைத்துக்குப் போச்சு. ஆறேழு மாசமா அந்தப் புள்ளகிட்ட இருந்து ஒரு பேச்சு மூச்சு இல்ல. எங்க இருக்குன்னு என் மகளும் தேடிக்கிட்டுத்தான் இருக்கா."

நடராஜா முதலாளி பேப்பரை மடித்து வைத்தார்.

"சாயந்தரம் இந்தப் பாட்டு கேட்டா போதும், வெள்ளையம்மா சோத்துல வச்ச கையோட எந்திரிச்சு ஓடியாந்துருவா, தன் மக சேதி வந்துருச்சான்னு. தெனமும் இல்லன்னு சொல்லி அனுப்புறேன். திரும்பிப் போயி அந்தச் சோத்த அவ தொடறதே இல்ல."

போனை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள் மருதாயி.

"சேதி வந்தா நானே ஓடிப்போயி சொல்ல மாட்டேனா? அது வரைக்கும் அவ ஒரு வாய் சோறு திங்கட்டும்னுதான் தம்பி."