உள்ளேயிருந்து உடைந்த பார்சல்

முட்டை வியாபாரம் செய்த கோழி ஒன்று, பார்சல் அனுப்பக் குரங்கை நம்பி மூன்று முறை கெட்டது. மரத்துக்கு மரம் தாவுகிறவனிடம் முட்டையைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? மலைக்கு அப்பால் ஆம்லெட் கடை வைத்திருந்த கரடி, "இன்னொரு தடவை உடைஞ்சு வந்தா வேற கோழியைப் பாத்துக்குவேன்" என்று சொல்லியனுப்பியது.

கோழி உடனே பார்சல் சுமக்கிற ஆமையைப் பிடித்தது. "நம்ம கிட்ட ஒரு கீறல் விழுந்ததில்லைம்மா" என்றது ஆமை. எத்தனை நாள் ஆகும் என்று கோழி கேட்கவில்லை. ஒரு முட்டையை வைக்கோலில் சுற்றி, தன் இறகுகளையே பிடுங்கி அடைத்து, பெட்டியைக் கதகதப்பாகக் கட்டிக் கொடுத்தது.

இருபத்திரண்டாம் நாள் கரடி பெட்டியைத் திறந்தது. ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது.

"நான் கேட்டது முட்டை" என்று கரடி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. திரும்பி வரவும் இருபத்திரண்டு நாள்.

"உடைச்சிட்டீங்களே அண்ணே! நஷ்டஈட்டை எடுங்க" என்று கோழி கத்தியது.

ஆமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முட்டை ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "வெளியேயிருந்து உடைஞ்சா நாங்க பொறுப்பு. இது உள்ளேயிருந்து உடைஞ்சிருக்கு. பொருளே தன்னை உடைச்சுக்கிட்டா நாங்க என்னம்மா செய்ய?"

சண்டை முற்றியது. கொண்டை முளைக்கத் தொடங்கியிருந்த அந்தப் பொருள் பெட்டியிலிருந்து இறங்கி, கோழியின் அருகே வந்து, "அம்மா" என்றது.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றது கோழி. "உடைஞ்ச ஓட்டுக்கு முதல்ல ஒரு வழி பிறக்கட்டும்."