தொடக்கூடாத பொருள்

சங்குமுத்துவை அமான் மறுபடியும் கொள்ளையடிக்கப் போகிறான் என்பது, அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஜஸீமாவுக்கு அவன் குரலிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டு மனிதர்களிடம் அந்தக் குரல் வெளியே வராது.

அமான் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். லீவு நாளில் ராயபுரத்து வீட்டுச் சோபாவில் சாய்ந்தால், போனுக்குள் கடல்கொள்ளைக்காரன். அந்த விளையாட்டில் ஆளுக்கொரு கப்பல், ஆளுக்கொரு பொய்ப்பேர். யார் யாரிடம் என்ன பேசினாலும் எல்லாரும் படிக்கலாம். அமானோ டைப் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிற ரகம்.

கொள்ளைக்கும் அங்கே ஒழுங்கு உண்டு. பேசாமல் பீரங்கி வெடிக்கக் கூடாது. கப்பலை மொத்தமாகத் துடைக்கக் கூடாது, பாதியாவது விட வேண்டும். முக்கியமாக, எதைத் தொடக்கூடாது என்று மாட்டிக்கொண்டவரிடம் கேட்க வேண்டும். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். மீறினவன் கடலை விட்டே வெளியே போக வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தவனே அமான்தான். நியாயஸ்தன் என்று அந்தக் கடல் முழுக்க அவனுக்குப் பேர்.

ஜஸீமாவுக்கு வயிறு எரிந்தது.

சங்குமுத்து என்ற பேரில் கப்பல் ஓட்டுகிறவள் கடலுக்குப் புதுசு. அவள் யார், எந்த ஊர் என்பதெல்லாம் அமானுக்குத் தெரியாது. ஆனாலும் அவளிடம் அப்படி ஒரு பணிவு. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்பான். ஏலக்காயா பட்டையா, எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்பான். அவள் பதில் சொல்ல நேரமானால் பொறுமையாக இருப்பான். டீ வர ரெண்டு நிமிஷம் பொறுக்காத மனுஷன்.

கட்டிய பெண்டாட்டியிடம் எதைக் கேட்டிருக்கிறான்? அவள் சார்ஜரைக் கேட்டா எடுத்தான்? அம்மா வீட்டுக்குப் போக அவள் வைத்திருந்த பெருநாள் லீவைக் கேட்டா எடுத்தான்?

இன்று காலையில் அவள் வேலையையும் எடுத்துவிட்டான். வண்ணாரப்பேட்டை ஸ்கேன் சென்டரில், மாமியார் வாயிலும் நாத்தனார் வாயிலும் விழுந்து எழுந்து அவள் சேர்ந்த வேலை. எர்ணாவூரில் இருக்கும் அவன் அக்காவுக்குப் பிரசவமாம். ஜஸீமாவை எதிரில் வைத்துக்கொண்டே போனில் சொன்னான்:

"அவ வேலைய வுட்டுட்டு வந்துருவாக்கா. ஞாயித்துக்கெழம நானே இட்டாந்து வுட்றேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டு டீ கேட்டான்.

பக்கத்துத் தெருக்காரி மேல் பொறாமை என்றால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். இந்தச் சங்குமுத்துவை என்ன செய்வது? அதே ஆள், அதே கை. அவளிடம் மட்டும் கேட்டுவிட்டு நீள்கிறது.

ஹாலில் அமான் தொண்டையைச் செருமினான்.

"கப்பல் தலைவியே, தங்களிடம் நான் தொடக்கூடாத பொருள் எது? சொல்லுங்கள், சத்தியமாகத் தொட மாட்டேன்."

சுற்றி நின்ற கப்பல்களெல்லாம் சங்குமுத்துவின் பதிலுக்குக் காத்திருந்தன.

ஜஸீமா பூண்டுக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். அரிசி டப்பாவில் சாத்தி வைத்திருந்த தன் போனை எடுத்தாள். சங்குமுத்துவின் கப்பல் அதில்தான் இருந்தது. அவன் கேட்ட கேள்வியும் வந்து நின்றது.

"வண்ணாரப்பேட்டை வேலை, மச்சான்" என்று டைப் செய்து அனுப்பினாள்.