எதிர்க்கடைக்காரர்

"சாவுக்குத்தான் வரல, தொலையட்டும். அன்னிக்கு ஒருநாள் கடையையாவது அடைச்சிருக்கலாம்ல? கல் நெஞ்சுக்காரன்!"

டெய்லர் சொல்லிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நிறுத்த சர்க்கரையையே மறுபடி நிறுத்தாள்.

அப்பா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கடையைத் திறந்து மூன்று நாள். கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே அந்த முகம்தான் தெரிகிறது. இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத முகம்.

ஒரு காலத்தில் இந்த நாலு தெருவுக்கு ஏழு முனைக்கடைகள். மெயின் ரோட்டில் ஏ.சி. போட்ட பெரிய கடை வந்ததும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. ஒன்று சலூன் ஆனது, ஒன்றில் செல்போன் ரிப்பேர். மிஞ்சியது இந்த இரண்டும்தான். முப்பது வருஷமாக எதிரும் புதிருமாக, பேச்சுவார்த்தை இல்லாமல்.

போன் அடித்தது. புரோக்கர்.

"என்ன முடிவு பண்ணீங்கம்மா? இடத்தைக் கேக்கறவங்க நாளைக்குப் பதில் வேணுங்கறாங்க."

"சாயந்தரம் சொல்றேன்" என்று வைத்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். பிறந்ததிலிருந்து ஏறாத படி அது.

"உங்களைத்தான்! எங்கப்பா பொணம் வாசல்ல கிடக்கறப்ப உங்களுக்கு வியாபாரம் கேட்டுதா?"

பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். பதறியதுபோல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வெயிலில் ஆளே இல்லை.

"மெதுவா பேசும்மா" என்றார். "அன்னிக்கு நானும் அடைச்சிருந்தா தெரு ஜனம் சாமான் வாங்க எங்க போயிருக்கும்?"

"மெயின் ரோட்டுக்கு."

"ஒரு தடவை அந்தக் குளுகுளுல கால் வெச்சவங்க திரும்பி நம்ம படி ஏறுவாங்களா? ரெண்டு கடையும் ஒரே நாள்ல மூடவே கூடாது. யார் முன்னால போனாலும் சரி, மத்தவன் திறந்து வெச்சே ஆகணும். இது உங்கப்பா போட்ட கண்டிஷன்."

"சும்மா கதை விடாதீங்க. உங்களோட பேசவே மாட்டாரு, கண்டிஷன் எப்படிப் போடுவாரு?"

"என் சம்சாரம் போன அன்னிக்கு உங்கப்பா என்ன பண்ணாருன்னு நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அனலாகக் காய்ச்சல். எழுந்து போய்க் கடையைத் திறந்தார். 'உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?' என்று அம்மா கத்தினாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

"அப்ப சண்டை?"

"அதுவும் அவரு ஐடியாதான். உங்கப்பா மேல கோவிச்சுக்கிட்டா ஜனங்க எங்கிட்ட வந்தாங்க. எம்மேல கோவிச்சுக்கிட்டா அங்க போனாங்க. நாங்க தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னா, கோவிச்சுக்கிட்டுப் போறவங்க மெயின் ரோட்டுக்குல்ல போவாங்க? ஏழுல ரெண்டு மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு நினைக்கற?"

அவள் திரும்பி, தெருவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கடையைப் பார்த்தாள்.

"உங்கப்பா போன அன்னிக்கு எத்தனை தடவை உள்ள போய் மூஞ்சி கழுவிக்கிட்டு வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்." குரல் உடைந்தது. "கடையை விக்கப் போறியாமே? நீ போயிட்டா ஆறு மாசத்துல நானும் மூட வேண்டியதுதான்மா."

அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. வாசலில் நிழல் ஆடியது. டெய்லரும் ரிடையர்டு டீச்சரும் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவர் அரைக் கணத்தில் மாறினார்.

"இறங்கும்மா கீழே! அப்பன் மாதிரியே திமிரு! வந்துட்டா நியாயம் கேக்க!"

அவளை விரட்டுவதுபோல் கையை ஓங்கிக்கொண்டு கிட்டத்தில் வந்தவர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். "நாளைக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் கடை திறக்க முடியாது. யாருகிட்டயும் சொல்லல."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு, அழ வெச்சுட்டானே" என்றாள் டீச்சர்.

"நான் கவனிச்சுக்கறேன், பெரியப்பா" என்று உதடு அசையாமல் சொன்னாள் அவள்.

அப்புறம் படியிறங்கி, தெரு நடுவில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"என் கடையை மூடிட்டுப் போயிடுவேன்னு கனவு காணாதீங்க! நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கே திறக்கறேன்யா, பாருங்க!"