அம்மை லீவு

"இந்த நைலான் சட்டையப் போட்டுக்கிட்டு எங்க மருந்து ரூமுக்குள்ள போனா, மேலோகத்துலதான் கழட்டணும் எழிலு. எனக்கு வேணாம்."

பேச்சியம்மாள் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, மணிக்கட்டில் சுற்ற டேப் என்று எல்லாம் எடுத்து வைத்திருந்தாள் எழில். திருத்தங்கலில் ஃபைபர் ஷெட் நடத்துகிறவள். ஏதோ ஓர் அணைக்கட்டில் மிதித்து ஓட்டும் வாத்துப் படகுகள் ஆறு, கழுத்து விண்டும் வயிறு பிளந்தும் ரிப்பேருக்கு வந்து கிடந்தன. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவை தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

பேச்சியம்மாளுடையது இருபது வருஷம் பட்டாசு மருந்து கலந்த கை. பருத்திச் சேலை, வெறுங்கால், கொண்டையில் ஓர் ஊசி கிடையாது. ஷெட்டுக்குள் நுழையும் முன், உடம்பிலுள்ள கரண்டு இறங்கக் கையை வைக்கும் செம்புத் தகடு எங்கே என்று தேடினாள். அது இல்லையென்றதும் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நைலான் உரசினால் பொறி பறக்கும், பொறி பறந்தால் ஆளும் பறக்கும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம்.

இது வெடிக்கிற தூசி இல்லை, குத்துகிற தூசி. எல்லாம் கண்ணாடி இழை, தோலில் ஏறினால் அரித்துத் தள்ளும், நெஞ்சுக்குள் போனால் அதைவிட மோசம் என்று எழில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"வெடிக்காத தூசிக்கெல்லாமா பயப்படுவாக?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு படகைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தாள் பேச்சியம்மாள்.

அவளுக்கு இருந்த பயம் வேறு. அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் அவள் இப்போது லீவு. போர்மேன் செல்லச்சாமிக்குப் போன் போட்டு, தனக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வா என்பார். மாமியார் செத்துப்போனதாகச் சொல்லலாமென்றால், அந்த அம்மாளை ஏற்கெனவே இரண்டு தடவை சாகடித்தாயிற்று. அம்மை என்றால் கேள்வியே கிடையாது. வேப்பிலை செருகிய வீட்டுக்கு விசாரிக்கவும் எவரும் வரமாட்டார்கள். நல்லா ஆறி, தலைக்குத் தண்ணி ஊற்றிவிட்டு மெதுவாக வா தாயி என்று சொல்லி, போன் வழியாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலச் சட்டென்று வைத்துவிட்டார் செல்லச்சாமி. பத்து நாள், இங்கே இரட்டைச் சம்பளம். குட்டு உடைந்தால் மட்டும் அந்த இருபது வருஷ வேலை போய்விடும்.

மறுநாள் புது ஆள் ஒருவர் வந்தார். காரியாபட்டிப் பக்கம் என்று எழில் சொன்னாள். வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, டேப் என ஒன்றையும் விடாமல் மாட்டிக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தார். வாயே திறக்கமாட்டார். மத்தியானச் சோற்றைக்கூடப் படகுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்துதான் தின்றார்.

"அந்த அண்ணனப் பாத்தாவது போடுங்கக்கா" என்றாள் எழில்.

ஆம்பளையாய்ப் பிறந்து இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று பேச்சியம்மாள் நொடித்தாள். ஆனாலும் பக்கத்துப் படகில் பேச்சுத்துணைக்கு அவர்தானே இருந்தார். போர்மேனை ஏமாற்றிய கதையை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மை என்றதும் செல்லச்சாமி பதறியதைக் குரல் மாற்றி நடித்தே காட்டினாள். வெள்ளை உடுப்பு லேசாகக் குலுங்கியது. மனுசன் சிரிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அரிப்பு கிளம்பியது. பச்சைத் தண்ணீரில் அலசி விடுங்கள், தேய்க்கவே கூடாது என்றாள் எழில். பேச்சியம்மாளோ, பட்டாசு மருந்து போகக் குளிக்கிற வழக்கப்படி வெந்நீரை ஊற்றிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தள்ளினாள். நாலாம் நாள் மத்தியானம் முந்தானையை விலக்கிப் பார்த்தால், கழுத்து, கை, வயிறெல்லாம் செக்கச்செவேலென்று பொட்டுப் பொட்டாக இருந்தது.

ஓடிப்போய் எழிலிடம் காட்டினாள்.

"அம்மா எறங்கிட்டா எழிலு. நான் பொய்யாக் கூப்பிட்டேன், அவ மெய்யாவே வந்துட்டா."

"அது தூசிக்கா. அன்னைக்கே சொன்னேன்ல."

"தூசிதான். அனுப்பி வச்சது ஆரு?"

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வந்து அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டும் பேச்சியம்மாளுக்கு அரிப்பு அடங்கவில்லை. கடைசியில் முடிவு செய்துவிட்டாள். வேலை போனால் போகட்டும், போர்மேனிடம் உண்மையை ஒப்புக்கொண்டால்தான் தாய் மனமிரங்குவாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

பக்கத்துப் படகுக்காரர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். முன்பின் தெரியாத மனுசனுக்கு நம் பிழைப்பின்மேல் எம்புட்டு அக்கறை என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டே நம்பரை அழுத்தினாள்.

அடுத்த நொடி, ஷெட்டுக்குள் மாரியம்மன் பாட்டு கணீரென்று எழுந்தது.

தாயே வந்துவிட்டாள் என்று பேச்சியம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு நிமிர்ந்தபோதுதான், பாட்டு வெள்ளை உடுப்பின் வயிற்றுக்குள்ளிருந்து வருவதும், உள்ளே அலறும் போனை எடுக்க முடியாமல் அந்த ஆள் டேப்பைப் பிய்த்துக்கொண்டு தவிப்பதும் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் முகமூடியைக் கழற்றினார் போர்மேன் செல்லச்சாமி.

"போனை வை தாயி. உண்மைய மட்டும் எவன்கிட்டயும் சொல்லிராத. உங்கிட்ட இருந்து எனக்கும் அம்மை தொத்திக்கிருச்சுன்னுதான் மொதலாளிகிட்ட லீவு வாங்கிருக்கேன்."